வேண்டாததை வை, வேண்டியதை எடு

"வாத்து எங்க?" என்று கேட்டான் கணவன், ஃபோனைக் கீழே வைத்ததும் வைக்காததுமாக.

"எந்த வாத்து?"

"அக்கா குடுத்ததுதான். ஆட்டோ ஏறிட்டாங்களாம். இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க."

குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. நான்கு வருடத்துக்கு முன் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது பெரிய நாத்தனார் கொடுத்த பூ ஜாடி அது. மஞ்சள் நிறப் பீங்கான் வாத்து. முதுகில் பூ வைக்க ஒரு ஓட்டை. வாங்கிய நாளிலிருந்து அந்த ஓட்டையில் ஒரு பூகூட ஏறவில்லை. பரண்தான் அதற்கு வீடு.

"காலையில அண்ணிக்காக ரூமை ஒழிச்சேன்ல... அப்ப கொண்டுபோய்க் கீழ அலமாரியில வச்சுட்டேன்."

கணவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த அலமாரி அவள் கொண்டுவந்த ஏற்பாடு. அடுக்கு மாடியின் நாற்பது வீட்டுக்காரர்களும் வேண்டாததை அதில் வைக்கலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கேள்வி கிடையாது. ஆரம்பித்த ஆறே மாதத்தில் குப்பை வண்டிக்குப் போகும் மூட்டைகள் பாதியாகிவிட்டன. "பயன்படாத பொருளைப் பூட்டி வைக்கிறதும் குப்பைதான்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவாள். அப்படிப் பேசுகிறவள் பரணில் வாத்து வளர்க்கலாமா என்று மனசு உறுத்தப்போய்த்தான் அதைக் கீழே இறக்கினாள்.

"நாலு வருஷம் ஆச்சு. மறந்திருப்பாங்கன்னு நினைச்சேங்க."

"எங்கக்காவா? அவங்க குடுத்த கடிகாரம் சுவத்துல இல்லன்னு மூணு வருஷமா என் தம்பி வீட்டு வாசப்படி மிதிக்கல. தெரியும்ல?"

தெரியும். திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். விடுப்பை இரண்டு முறை நீட்டியாயிற்று. மூன்றாவது முறை கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். "ஆறு மாசம் இருந்து நான் பாத்துக்கறேன்" என்று தானாகவே முன்வந்து கிளம்பி வருகிறார் நாத்தனார். வந்ததும் கோபித்துக்கொண்டு அடுத்த ஆட்டோவில் ஏறிவிட்டால், அவள் வேலை அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை பாலுக்கு அழுதது. கொடுத்து முடித்து, கணவனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். லிஃப்ட் மேலே வந்துகொண்டிருந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஐந்து மாடியும் படியிலேயே இறங்கினாள்.

அலமாரியில் இரண்டு குக்கர் மூடி இருந்தன. அட்டை கிழிந்த அகராதி இருந்தது. வாத்து இல்லை.

"அண்ணே, இங்க இருந்த வாத்தை யாரு எடுத்தா?"

"இப்பத்தாம்மா எடுத்துட்டுப் போனாங்க," என்றார் வாட்ச்மேன். "ரொம்ப ஆசையா எடுத்தாங்க."

"யாருன்னு சொல்லுங்க. அவசரம்."

"அதெப்படிம்மா? எடுக்கிறவங்க கூச்சப்படுவாங்க, யாரு எடுத்தாங்கன்னு வெளியில சொல்லக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானே."

"எனக்கு மட்டும் சொல்லுங்கண்ணே."

"'நானே வந்து கேட்டாலும் சொல்லாதீங்க'ன்னு நீங்கதாம்மா சொன்னீங்க."

அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அலமாரியில் எது இருந்தாலும் அள்ளிக்கொண்டு போகிற ஒரே ஆள் இரண்டாம் மாடிக் கணக்கு டீச்சர்தான். நேராக அங்கே போய்க் கதவைத் தட்டினாள்.

"வாத்தா? காலையிலயே பாத்தேன்," என்றார் டீச்சர். "உடைஞ்ச குடையக்கூட விடாம எடுக்கிறவ நான். நானே அதை விட்டுட்டு வந்தேன்னா பாத்துக்கோயேன்."

இனி யார் வீட்டைத் தட்டுவது? கால் வலிக்க மேலே ஏறி வந்தாள். வாசலில் புதிதாக ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே நாத்தனார், பெட்டியைக்கூடத் திறக்காமல், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். கணவன் முகத்தில் ஈயாடவில்லை.

"வா வா. எங்க போயிட்டு இப்படி மூச்சு வாங்க வர்ற? முதல்ல உக்காரு," என்றார் நாத்தனார். "திங்கக்கிழமைதானே வேலைக்குப் போகணும்? நிம்மதியாப் போ. இவனை நான் பாத்துக்கறேன்."

அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இவரிடம் போய், ஜாடி உடைந்துவிட்டது, திருடு போய்விட்டது என்றெல்லாம் கதை விடுவதா? நடந்ததைச் சொல்லிவிடலாம், வருவது வரட்டும் என்று முடிவு செய்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"இரு, முதல்ல நான் சொல்லிடறேன், இல்லன்னா மறந்துடுவேன். கீழ ஒரு அலமாரி வச்சிருக்கீங்களே, யாரோட யோசனை அது?"

"என்... என்னோடதுதான் அண்ணி."

"ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்க. வெளியாளும் எடுக்கலாமான்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டேன். யாரு வேணாலும் எடுக்கலாம்மான்னாரு."

நாத்தனார் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் கைப்பையைத் திறந்தார். துண்டில் சுற்றியிருந்த எதையோ எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தார். மஞ்சள் வாத்து அவளைப் பார்த்தது.

"நான் உனக்குக் குடுத்தேனே, அச்சு அசல் அதே மாதிரி இருந்துச்சு. பாவம், உன்னோடது நாலு வருஷமா ஒத்தையா நிக்குதேன்னு எடுத்துட்டு வந்தேன். எங்க, அதையும் கொண்டா, ஜோடியா வச்சுப் பாப்போம்."