பெயிண்ட் அடித்த தூண்

கடலோரப் பாலம் ஒன்றின் தூணுக்குள் இருந்த இரும்புக் கம்பி, உப்புக் காற்றில் துருவேறி வீங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, பாதி உடம்பு பொடியாப் போச்சு. துரு பார்க்க மீட்டர் வருதாம். இந்தத் தடவை சொல்லிடுறேன்," என்றது, தன்னைச் சுற்றியிருந்த கான்கிரீட்டிடம்.

"வாயை மூடுடா! உன்னைப் பார்க்கணும்னா என்னைத்தான் உடைப்பாங்க. முப்பது வருஷமா நிமிர்ந்து நிக்கிறேன், இப்பக் கட்டுப் போட்டுக்கிட்டு நிக்கணுமா?"

அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் தூணுக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்தார்கள். விரிசலெல்லாம் மறைந்தது. கான்கிரீட்டுக்கு மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது.

மறுநாள் அளவெடுக்க வந்த ஞானதுரை, மீட்டரின் ஈரப் பஞ்சைப் பெயிண்ட் மேலேயே வைத்து அழுத்தினார். ஈரம் உள்ளே இறங்கினால்தான் மீட்டருக்குக் காது கேட்கும்.

"கம்பி, எப்படிய்யா இருக்கே?" என்று கேட்டது மீட்டர்.

கம்பி உள்ளே கதறியது. பெயிண்டைத் தாண்டி ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. முள் அசையவில்லை.

"ஜீரோ காட்டுது. துருவே இல்லை," என்று எழுதிக்கொண்டார் ஞானதுரை.

"ஐயா, அது நல்லா இருக்குன்னு இல்லை, எனக்குக் கேட்கலைன்னு!" என்று மீட்டர் கத்தக் கத்த, அதைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"பார்த்தியா, மானத்தைக் காப்பாத்திட்டேன்," என்றது கான்கிரீட்.



கூட்டம் பிதுங்க ஒரு பஸ் பாலத்தில் ஏறியது.

"தம்பி, கொஞ்சம் பிடிச்சுக்கோ," என்றது கான்கிரீட். "தம்பி?"