அம்மாவுக்கு அனுமதியில்லை

மறுநாள் அம்மாவுக்குக் கருமாதி. படையலில் வைக்க, அவள் சிரித்த மாதிரி ஒரு படம்கூட வீட்டில் இல்லை. பழைய ரப்பர் தோட்டத்தில் டிவிக்காக எடுத்த டெலிமூவியில் மட்டும் ஒரு காட்சியில் வாய்விட்டுச் சிரிப்பாள்.

கோகிலன் படக் கம்பெனியின் இணையதளத்தில் சந்தா கட்டித்தான் அதைத் திறந்தான். பிரவுசரில் அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரை மட்டும் கறுப்பு. வேறு பிரவுசரில் போட்டான். 'பாதுகாக்கப்பட்ட படம். அனுமதியில்லை.' கைப்பேசியிலும் அதே பதில்.

"காசையும் வாங்கிட்டு மூஞ்சியில காறித் துப்புறானுங்க," என்றான்.

"ஈப்போவுல திருட்டுப் படம் விக்கிற சீனிகிட்ட அந்தப் படத்தோட காப்பி இருக்காம் லா. போய்க் கேளுங்க," என்றாள் மனைவி துளசி.

"அந்தத் திருட்டு நாய்கிட்டயா?"

கடைசியில் அங்கேதான் போய் நின்றான்.

சீனி பென்டிரைவைச் செருகினான். திரை முழுக்க அம்மா சிரித்தாள். அப்படியே நிறுத்தி, பிரிண்ட் எடுத்து நீட்டினான்.

"எவ்வளவு?"

"சாவு வீட்டுக் காசு வேணாண்ணே," என்றான் சீனி. "இந்தப் படத்தை டைரக்ட் பண்ணது நீங்க. ஒரிஜினலைக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்து, நல்லாப் பூட்டுங்கன்னு சொன்னதும் நீங்க. என் மேல போலீஸ் ரிப்போட் பண்ணதும் நீங்க. இப்ப உங்கம்மா சிரிப்பு என்கிட்ட மட்டுந்தான் இருக்கு."