மஞ்சள் சிவப்பாகும் நேரம்

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றபடி வேதியியல் ஆசிரியர் அமிலம் நிரப்பிய பியூரெட் குழாயின் திருகைத் திறந்தார்.

பதினேழு வருடமாக எல்லா வகுப்பிலும் சொல்லும் வசனம். குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்வார். அது தனக்கு எடுப்பாக இருப்பதாக ஒரு நினைப்பு.

குடுவையில் சலவைச் சோடாக் கரைசல், நிறங்காட்டி கலந்து மஞ்சளாக இருந்தது. மேலிருந்து அமிலம் விழ விழ அது சிவப்பாகும். மாறிய சொட்டிலேயே நிறுத்திவிட வேண்டும். மேற்கொண்டு விட்டால் சோதனை பாழ்.

கடைசி பெஞ்சில் ஆய்வு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஒருவரைத் தேடி வந்தவர். பிள்ளைகளையே கண்டுபிடிக்க வைப்பவர் என்று இந்த ஆசிரியர் பேர் மேலிடம் வரை பரவியிருந்தது. பரப்பியவர்களில் இவரும் ஒருவர்.

சொட்டு. சொட்டு.

மற்ற நாளில் திருகைத் தொடும் முன்பே கத்தித் தீர்க்கிற வகுப்பு. இன்றைக்கென்று பார்த்து அதற்கு ஒழுக்கம் வந்துவிட்டது. நாற்பது பேரும் கையைக் கட்டி, வாயைப் பொத்தி, சிலை மாதிரி.

அவர் குடுவையைச் சுழற்றினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பெரிய யோசனையில் இருப்பவர்போலப் புருவத்தைச் சுருக்கினார். நடிப்பில் குறை வைக்கவில்லை. சட்டைக்குள் முதுகு நனைந்துகொண்டிருந்தது.

சொட்டு.

"போதும் சார்" என்றாள் முதல் பெஞ்ச் பெண், பந்தியில் பரிமாறுகிறவரிடம் சொல்வதுபோல.

வகுப்பு சிரித்து முடிப்பதற்குள் திருகு மூடியிருந்தது. அவர் கை அவ்வளவு சுறுசுறுப்பாக எதையும் செய்ததில்லை.

கிளம்பும்போது அதிகாரி கையைப் பிடித்துக் குலுக்கினார். கடைசி வரை விடையைத் தன் வாயால் சொல்லாத இந்தப் பொறுமையைத் தன் சர்வீசிலேயே பார்த்ததில்லை என்றார். ஆசிரியர் அடக்கமாகத் தலை குனிந்தார். அடக்கம் அவருக்கு அமிலத்தைவிட நன்றாகக் கைவரும்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அந்தப் பெண் மட்டும் நின்றாள்.

"எங்க அப்பா கண்ணுக்கும் சிவப்பு தெரியாது சார். அடுத்த தடவை நிறம் மாறினதும் நான் இருமறேன்."

இப்படி யாராவது வந்து நின்றால் சொல்வதற்கென்று பதினேழு வருடமாக ஒரு மறுப்பைத் தயாராக வைத்திருந்தார். ஆதாரங்களோடு, இரண்டு நிமிட நீளத்துக்கு.

வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"கொஞ்சம் சத்தமா இருமும்மா" என்றார்.