சின்னது யார் பக்கம்?

“பிரியறது உறுதிதானுங்க. சின்னது யாரோட போகும்ங்கறதுதான் இன்னும் முடிவாகலை.”

கண்ணாடிக் கதவு சரியாக மூடாததால் அந்தக் குரல் பக்ருன்னிசாவின் காதில் தெளிவாகவே விழுந்தது. உக்கடத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்து மூன்று வருஷமாகிறது. ஒட்டுக் கேட்கக் கூடாது என்றுதான் தினமும் நினைக்கிறாள்.

உள்ளே பேசிக்கொண்டிருந்தவள் வெங்கடலட்சுமி, கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். ரெண்டு வருஷமாகச் சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் வந்து, ஜெர்மனியில் இருக்கும் கணவன் ரவிக்குமாரிடம் பேசுவாள். முன்பெல்லாம் “சாப்டீங்களா?” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும், சிரிப்பும் கேட்கும். இப்போது எடுத்த எடுப்பில் விஷயம்தான். அதிலும் இந்த நாலு மாசமாகப் பிரிகிற பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை.

“இல்லீங்க, என் கணக்குப்படி மூணும் தனித்தனியாத்தான் போகும். நீங்க மறுபடியும் பாருங்க.”

மூணும் தனித்தனியாகவா! பக்ருன்னிசாவுக்குத் தன் வீட்டு ஞாபகம் வந்தது. அவள் மகள் சமீரா கைக்குழந்தையோடு வீட்டுக்குத் திரும்பி ஆறு மாசமாகிறது. மாப்பிள்ளை வீட்டுக்கும் ஜமாத்துக்கும் நடந்து நடந்து பக்ருன்னிசாவுக்குக் காலும் ஓய்ந்துவிட்டது, வாயும் ஓய்ந்துவிட்டது.

வெங்கடலட்சுமி வெளியே வந்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. பெரியவங்க சண்டையில கொழந்தையத் தனியா உட்டுப்போடாதீங்க.”

“எந்தக் கொழந்தைங்கக்கா?”

“சின்னது யாரோட போகும்னு பேசினீங்களே, கண்ணு?”

வெங்கடலட்சுமி சற்று விழித்தாள். பிறகு, சிரிக்கக்கூடத் தெம்பில்லாதவள் போலச் சிரித்து, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மூன்று வட்டங்களை ஒட்டினாற்போல் வரைந்தாள். ரெண்டு பெரியது, ஓரத்தில் ஒன்று சின்னது.

“இது மூணு அணு ஒட்டின மூலக்கூறுங்கக்கா. கண்ணுக்கே தெரியாது. இதுல ஒரு எலக்ட்ரானைப் புடுங்கிட்டாலும் மூணும் ஒட்டிட்டுத்தான் இருக்கும். அது மேல புற ஊதாவுலயே ரொம்பக் கடுமையான ஒளியை அடிச்சா, தாங்காம உடைஞ்சுபோகும். சின்னது பக்கத்துல இருக்கறதோட ஒட்டிட்டுப் போகுதா, தனியாப் போகுதான்னு அவரு அங்க ஒளியடிச்சுப் பாக்கறாரு. நான் இங்க கணக்குப் போடறேன். ரெண்டும் ஒத்துவரவே மாட்டேங்குதுங்க. அலுத்துப்போச்சு.”

பக்ருன்னிசா காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு அது.

“அட அல்லாவே! நான் ஒரு கிறுக்கி. நீங்களும் ஊட்டுக்காரரும் பிரிஞ்சிரக் கூடாதுன்னு நாலு மாசமா துவா கேட்டுட்டிருக்கேன்!”

வெங்கடலட்சுமி காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“நாங்க போன வருசமே பிரிஞ்சுட்டோமுங்கக்கா.”