காற்றாலை சேர்த்த விலை

“காற்றாலை வேண்டாங்க” என்றார் வீட்டுக்காரர். “அதை எடுத்துட்டா எவ்வளவு குறையும்?”

மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேட்டில் தனியாக நிற்கும் புது வீடு. மின்கம்பி கீழே சாலையோடு நின்றுவிட்டது. கூரையில் சோலார், பின்பக்கம் சின்னதாக ஒரு காற்றாலை, மாடிப்படிக்கு அடியில் பாட்டரிகள். இதற்கெல்லாம் என்ன ஆகும் என்று கணக்குப் போடக் கம்பெனி அனுப்பி வந்தவன் நான்.

என்ன சாமான், எத்தனை, நாளுக்கு எத்தனை மணி நேரம். அவர் சொல்லச் சொல்லப் படிவத்தை நிரப்பியிருந்தேன். ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், மூன்று மின்விசிறி. அவர் மனைவி சமையலறை வாசலில் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

மூன்று நாள் விடாமல் மழை பிடித்தால் சோலார் கைவிட்டுவிடும், விடிவதற்குள் பாட்டரி படுத்துவிடும், வீடே இருட்டாகிவிடும் என்றேன். மழைக்காலத்தில்தான் இந்த மேட்டில் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்றும் சொன்னேன்.

“ஒரு ராத்திரி இருட்டுல கிடந்தா குடியா முழுகிடும்?” என்று சிரித்தார் அவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விலையிலிருந்து என் கமிஷனைக் கழித்தேன். பொருத்தும் கூலியையும் கழித்தேன். வேறெதுவும் வேண்டாம், அந்தக் காற்றாலை மட்டும் இந்த வீட்டுக்குப் பின்னால் நின்று சுற்றினால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விற்க வந்தவன் இப்படி இறங்கி வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? படிவத்தை வாங்கி வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

“படுக்கையறை விளக்கு, ராத்திரி முழுக்கன்னு போட்டிருக்கீங்க. இவளுக்கு இருட்டுன்னா பயம்னு நான் சொல்லவே இல்லையே?”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“எல்லா வீட்டுக்கும் போடறதுதான் சார்.”

விலை குறைந்த சந்தோஷத்தில் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. காற்றாலையையும் சேர்த்தே கையெழுத்துப் போட்டார்.

எங்கள் வீட்டில், அந்த விளக்கை அணைக்கச் சொல்லி, கல்யாணமாகிச் சேர்ந்து வாழ்ந்த நாலு வருஷமும் தினமும் அவளோடு மல்லுக்கு நின்றவன் நான்.