பிராது வாபஸ்

கொளஞ்சியப்பர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திருமால் மெல்லப் பின்வாங்கினார்.

"சூளையைப் பத்த வச்சிட்டு வந்திருக்கேன். இன்னொரு நாளைக்கு வாபஸ் வாங்கிக்கலாம், சொர்ணம்."

சொர்ணாம்பாள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். செராமிக் எஸ்டேட்டில் அவர்களுடைய சூளை வெள்ளிக்கிழமையே ஆறிவிட்டது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, அகல் விளக்குகளை எடுத்து அடுக்கச் சொல்லி அதிகாரம் செய்தவளே அவள்தான்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். அந்தச் சாமர்த்தியம் திருமாலுக்குக் கொஞ்சமும் கிடையாது.

கோடையில் ஸ்கேன் எடுத்தபோது, அவளுடைய கணையத்தின் வால் பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. இருவரும் நேரே இங்கே ஓடி வந்து அந்தக் கட்டியின் மேல் பிராது கொடுத்தார்கள்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு மாடு திருட்டுப் போனாலும் கொளஞ்சியப்பர்தான் கோர்ட்டு, வியாதி வந்தாலும் அவர்தான் கோர்ட்டு. மனுவை எழுதி வேலில் கட்டிவிட்டால் வழக்கு அவர் பொறுப்பு. ஜெயித்ததும் மறக்காமல் வந்து வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. கட்டியோடு கணையத்தின் வாலையும், மண்ணீரலையும், பக்கத்திலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள்.

தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் திருமாலைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். கட்டி முழுசாக வந்துவிட்டது, ஆனால் எடுத்த முடிச்சுகளில் இரண்டில் பரவியிருக்கிறது என்றார். மெதுவாக வளருகிற வகைதான், இதோடு வருஷக்கணக்கில் நன்றாக இருக்கிறவர்கள் உண்டு. ஆனாலும் திரும்பி வரலாம், ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளியே வந்த திருமால், "சுத்தமா எடுத்துட்டாங்களாம்" என்று மனைவியிடம் சிரித்தார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். சுத்தமாகப் போய்விட்டதென்றால் பிராதை வாபஸ் வாங்க வேண்டாமா? சாமி காத்திருக்கிறார் என்று அன்றாடம் நச்சரிக்க ஆரம்பித்தாள்.

வாங்கினால் வழக்கு முடிந்தது. பாதியில் நிற்கிற வழக்கைத் தன் கையாலேயே மூடிவிட்டு, நாளைக்கு அது திரும்பி வந்தால் எந்த முகத்தோடு சாமி முன்னால் நிற்பது? வாங்கமாட்டேன் என்றால் இவள் கண்டுபிடித்துவிடுவாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வரிசை நகர்ந்தது.

கற்பூரம் வாங்க மறந்துவிட்டதாகச் சொல்லிப் பார்த்தார். அவள் பையைத் திறந்து எடுத்துக் காட்டினாள். செல்போனை வண்டியிலேயே வைத்துவிட்டதாகச் சொன்னார். அது அவர் சட்டைப் பையிலேயே மணி அடித்தது.

இவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். அங்கே ஒரு டம்ளர் தண்ணீர்கூட எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

"வாபஸாம்மா?" என்று குருக்கள் கேட்டார்.

திருமால் குறுக்கே கையை நீட்டினார்.

"வேணாஞ் சாமி. வழக்கு இன்னும் முடியல."

சொல்லும்போதே அழுதுவிட்டார். பேரன் எடுத்த மனிதர், வரிசையில் அத்தனை பேர் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதார்.

சொர்ணாம்பாள் அசரவில்லை.

"பழசு வேலுலயே இருக்கட்டும் சாமி. நான் வந்தது புதுசா ஒண்ணு கட்ட."

"யார் மேலம்மா?"

அவள் திருமாலைக் காட்டினாள். "பொண்டாட்டிகிட்ட மறைக்கிறாரு. போனாப் போவுது, இப்பத்தான் ஒத்துக்கிட்டாரே, வுட்டுடறேன்."

குருக்கள் சிரிப்பை மறைக்கத் திரும்பி விபூதித் தட்டைத் தேடினார்.

திருமால் மூக்கை உறிஞ்சினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் முந்தானையை இழுத்து அவர் முகத்தைத் துடைத்தாள்.

"டாக்டரு மொதல்ல எங்கிட்டத்தாங்க சொன்னாரு. எங்க வூட்டுக்காரரு பயந்த மனுசன், தனியா கூப்புட்டு நீங்களே பக்குவமா சொல்லுங்கன்னு நாந்தான் சொல்லிவச்சேன்."