முப்பிடாதியின் கத்தரித் தொட்டி

முப்பிடாதி வீட்டு முற்றத்தில் கத்தரிச் செடி பூத்துவிட்டது. தெருவுக்கு அது பொறுக்கவில்லை.

1912-ஆம் வருஷத்துக் கோடை. ஆழ்வார்திருநகரிக்கு வடக்கே இருந்த அந்தத் தெருவுக்கு ஒரே கிணறு. ஆற்றுக்குப் போனால் ஒன்றரை மைல். வீட்டுக்கு இரண்டு குடம், செடிகொடிக்குச் சொட்டுக்கூடக் கிடையாது என்று ஊர் கூடிப் பேசி, ஐயம்பெருமாளைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். அவர் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

அப்படியும் கிணற்றில் தண்ணீர் அளவுக்கு மீறி இறங்கியது. யாரோ திருடுகிறார்கள். பச்சைப் பசேலென்று ஒரு செடி நிற்கும்போது வேறு எங்கே போய்த் தேடுவது?

முப்பிடாதி புருஷனை இழந்தவள். வாய்க்கால் கரையில் காய்கறி போட்டு விற்றுப் பிழைத்தாள். வாய்க்கால் வற்றியதும் முற்றத்தில் ஒரு மண்தொட்டி வைத்துக்கொண்டாள்.

ஐயம்பெருமாள் நாலு பேரோடு போய் நின்றார்.

"ஏட்டி, இதுக்குத் தண்ணி ஏது?"

"என் ரெண்டு குடத்துலதான் அண்ணாச்சி."

"குடிக்கதுக்கே காணல. செடிக்கு எங்கன மிஞ்சும்? நீ எடுக்கலன்னா யாருதான் எடுக்கா, சொல்லு."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

அது போதும் என்று பட்டது அவருக்கு. கையிலிருந்த கம்பால் தொட்டியை ஒரே போடு போட்டார்.

மண் சரிந்தது. நடுவே ஒரு சின்னக் கலயம் கழுத்துவரை புதைந்திருந்தது. வாய்க்குச் சிரட்டை மூடி. அடியில் கலயமும் உடைந்து, ஒரு செம்புத் தண்ணீர் தரையில் ஓடியது. அவ்வளவுதான். கலயம் கசிகிற ஈரத்தையே வேர் குடித்து வளர்ந்திருக்கிறது. நாலு நாளைக்கு ஒரு செம்பு ஊற்றினால் போதும்.

ஐயம்பெருமாளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பின்னால் கூட்டம் நின்றது. கம்பை ஊன்றிக்கொண்டு திரும்பி நடந்தார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவருக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து புறவாசலுக்கு வந்தார். அவர் மனைவி ஆவுடைத்தாய் தளும்பத் தளும்ப ஒரு குடத்தோடு உள்ளே நுழைந்தாள். அன்றைய இரண்டு குடமும் காலையிலேயே வந்தாயிற்று.

அவள் பயப்படவில்லை. "கன்னுக்குட்டி நாக்கு வறண்டு நிக்கி. என்ன செய்யச் சொல்லுதீய? காவலுக்கு இருக்கது நீங்கதான, யாரு கேக்கப்போறா?"

ஐயம்பெருமாள் சந்தையில் ஒரு புதுக் கலயம் வாங்கிக்கொண்டு முப்பிடாதி வீட்டுக்குப் போனார்.

அவள் ஒரு மண்ணெண்ணெய் டின்னில் மறுபடி மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். அடியில் ஓட்டாஞ்சில்லு, மேலே சாணத்தூள் கலந்த மண். கலயத்தை வாங்கிச் சுண்டிப் பார்த்தாள். நல்லா வெந்த கலயம் கசியாது, அரைவேக்காடுதான் இதுக்கு ஆகும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி எடுத்தது என் வீட்டுக்காரிதான். சாயந்தரம் எல்லார் முன்னயும் சொல்லிப்போடுதேன்."

"எனக்கு முன்னயே தெரியும் அண்ணாச்சி. ரெண்டு நாள் கண்ணால பாத்தேன்."

"பொறவு ஏன் நேத்துச் சொல்லல?"

"நீங்க நிக்கப்போய்த்தான் கிணத்தடியில அடிபிடி இல்லாம இருக்கு. உங்க பேரும் போயிட்டா, பொறவு தெரு யாரு சொல்லைக் கேக்கும்? விடுங்க. என் பாடு எப்பிடியும் கழிஞ்சிரும்."

சாயங்காலம் ஊர் கூடியது. தண்ணீர் திருடியதற்குத் தண்டனையாக முப்பிடாதிக்கு இனி ஒரு குடம்தான் என்று தீர்மானம் சொன்னார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டாமென்று அவளே தடுத்துவிட்டாளே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ஐயம்பெருமாளும் தலையை ஆட்டினார்.